ஆதாரம் தேடும் சமூகப்பணி மாணவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் தங்கள் ஆய்வுக்கு நூலகத்தில் ஆதாரம் தேடுவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். எப்படி என்பதற்கு முன்னால், ஏன் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க 1939இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர். 1905இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள் சமூகப்பணியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 506 சிறுவர்களை, ஒருவனுக்கு ஒருவன் ஒத்துப்போகும்படி ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒருவனுக்கு மட்டும் உதவி கிடைத்தது. ஆலோசகர் வீட்டுக்கே வந்து பேசினார், பாடத்தில் கை கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். இன்னொருவனுக்கு எதுவும் இல்லை.

பல பத்தாண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் போனார். முடிவை 1978இல் வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர், அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லதுதான் செய்தது என்றார்கள். பதிவேடுகள் அப்படிச் சொல்லவில்லை. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிநோய்க்கு ஆளானவர்கள், சீக்கிரம் இறந்துபோனவர்கள் எல்லாம் உதவி பெற்ற பக்கத்தில்தான் அதிகம் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மற்ற பாதி இல்லாமல் போயிருந்தால், இதை யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது.

நல்ல மனதோடு செய்வதும் ஒருவரைக் கெடுக்கலாம். அதனால்தான் ஆதாரம் தேடுவதை மதிப்பெண் சமாச்சாரமாக என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக்கு உங்களை நம்பி எதிரே வந்து உட்காரப்போகும் மனிதருக்கான வேலை அது.

சரி, தேடலுக்கு வருவோம். 'முதியோர் பிரச்சினைகள்' என்று தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் வந்து விழும், ஒன்றும் உதவாது. முதலில் அதைக் கேள்வியாக்குங்கள். தனியாக வாழும் முதியவர்களிடம் தன்னார்வலர்கள் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினால், அவர்களுடைய தனிமை உணர்வு குறைகிறதா? இப்போது யார், என்ன உதவி, என்ன மாற்றம் என்ற மூன்றும் கையில் இருக்கின்றன.

இந்த மூன்றுக்கும் தனித்தனியாகச் சொற்களை எழுதுங்கள். ஆய்வுலகத்தில் தனிமை உணர்வு ஒன்று, ஆள் தொடர்பு அற்றுப்போவது வேறொன்று. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர் தனிமையில் வாடலாம். ஆய்விதழ்களில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒன்றை மட்டும் தட்டினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாமலே போய்விடும். ஒரே பொருளோ நெருங்கிய பொருளோ தரும் சொற்களை நடுவில் 'ஆர்' (OR) போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெவ்வேறு கருத்துகளை 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள், தொடராக வரவேண்டியதை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். பொருத்தமான கட்டுரை ஒன்று கிடைத்ததும், தேடும் தளத்தில் அதற்குக் கொடுத்திருக்கும் பொருள் தலைப்புகளைப் பாருங்கள். அடுத்த தேடலுக்கான சொற்கள் அங்கேயே இருக்கும்.

எங்கே தேடுவது? சமூகப்பணி எல்லாத் துறைகளிலும் கால் வைத்திருக்கும் துறை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் தளங்கள் துறைவாரியாக உண்டு. சமூகப்பணிக்கென்றே அமெரிக்கச் சமூகப்பணியாளர் சங்கத்தின் சோஷியல் வொர்க் அப்ஸ்ட்ராக்ட்ஸ் இருக்கிறது. உடல்நலம் என்றால் பப்மெட், பள்ளிப் பிள்ளைகள் என்றால் எரிக்; இவை இரண்டும் இலவசம். மனநலத்துக்கு சைக்இன்ஃபோ, அதற்கு உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூகுளின் தேடுதளமான கூகுள் ஸ்காலரையும் பயன்படுத்துங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு பழைய கட்டுரையைப் பிற்பாடு யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அது நல்ல வழி. பின்பக்கத்து நூற்பட்டியல் பழைய ஆய்வுகளைக் காட்டும், இது புதியவற்றைக் காட்டும்.

அப்புறம், ஒரே கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, தரம் பார்த்து எடைபோடும் முறைசார் மீளாய்வுகள் இருக்கின்றன. மருத்துவத்துக்கு காக்ரேன் அமைப்பு 1993இல் வந்தது. சமூகநலம், கல்வி, குற்றத்தடுப்பு ஆகியவற்றுக்கு கேம்பெல் கூட்டமைப்பு 2000இல் வந்தது. உங்கள் கேள்விக்கு அங்கே ஒரு மீளாய்வு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். கேம்பெல் மீளாய்வுகளில் எளிய மொழியில் சுருக்கமும் உண்டு, முதலாண்டு மாணவருக்கும் புரியும்.

புத்தக அடுக்குகளை மறந்துவிட வேண்டாம். நூலகங்கள் பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் சமூகநலச் சேவைகளுக்கு 362. அதற்குள் முதியோர் 362.6, குழந்தைகளும் இளையோரும் 362.7. தேடிப்போன புத்தகத்துக்கு இடமும் வலமும் உள்ளவற்றையும் எடுத்துப் புரட்டுங்கள்.

தொண்டு நிறுவன அறிக்கைகளும் அரசு அறிக்கைகளும் தேவைதான், களத்து நிலவரம் அவற்றில்தான் இருக்கும். ஆனால் நிதி வாங்கிய நிறுவனமே தன் திட்டத்தை மதிப்பிட்டு எழுதியதா, ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று கேட்டுவிட்டே நம்புங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரையும் கலந்து வரும். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு எல்லாம் அச்சு அசலாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் எங்கும் இருக்காது. கண்ணால் பார்த்துப் படித்ததை மட்டுமே எழுதுங்கள்.

முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். இலவசப் பிரதி வேறெங்காவது சட்டப்படி இருக்கிறதா என்று அன்பேவால் (Unpaywall) என்ற இலவச இணையக் கருவி காட்டும். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும்படி உங்கள் நூலகத்தில் கேட்கலாம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதலாம், பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

நூலகரிடம் போகும்போது உங்கள் கேள்வியையும், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், என்ன சொற்கள் போட்டுத் தேடினீர்கள், எத்தனை கிடைத்தன என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். விட்டுப்போனது எது என்று அவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். நன்றி, வணக்கம்.