கெக்கோ முட்டைக்குக் கோழி மெஷின் ஏன் ஆகாது?

(காட்சி: மேசை மேல் கோழி முட்டை இன்குபேட்டர். உள்ளே தட்டு மெல்லச் சாய்கிறது.)

வணக்கம். இந்த மெஷின் கோழி முட்டையை 37.5 டிகிரியில் வைத்து, அவ்வப்போது தானாகவே திருப்பி, 21 நாளில் குஞ்சு பொரிக்க வைக்கும். இதற்குள் லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லியின் முட்டையை வைத்தால்? அந்தச் சூடே அதற்குத் தாங்காது. சூட்டைக் குறைத்தாலும், திருப்புவதில் போய்விடும்.

(காட்சி: உடைத்த கோழி முட்டை, மஞ்சள் கருவின் ஓரத்து வெள்ளை இழை.)

ஆம்லெட் போடும்போது இந்த வெள்ளை இழையைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கருவை நடுவில் பிடித்து வைப்பது இதுதான். கெக்கோ முட்டையில் இது கிடையாது. இட்ட ஓரிரு நாளில் கரு மேல்பக்கத்து ஓட்டை ஒட்டி வளரத் தொடங்கிவிடும். அப்புறம் புரட்டினால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே முட்டையை எடுக்கும்போதே உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கடைசி வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்கட்டும். இரண்டு முட்டை ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள்.

(காட்சி: தெர்மோகோல் பெட்டி, ஹீட்டிங் கேபிள், தெர்மோஸ்டாட்.)

மீன் வரும் தெர்மோகோல் பெட்டியே போதும். சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்வது தெர்மோஸ்டாட். அதன் சென்சார் முனையை முட்டை டப்பாவை ஒட்டி வையுங்கள். மூடியில் தொங்கினால் அது மூடியின் சூட்டைத்தான் சொல்லும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால், கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது.

எத்தனை டிகிரி வைப்பது? இங்கேதான் வேடிக்கை. 26-ல் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். பொரிக்க இரண்டு மாதம் ஆகும். 32.5-ல் பெரும்பாலும் ஆண். ஒன்றரை மாதம் போதும். கொஞ்சம் குளிர்ந்தால் தாமதம்தான், சூடு ஏறினால் சாவு. எனக்குக் கரண்ட் கட்டைவிட, ஆன் ஆன நிலையிலேயே சிக்கிக்கொள்ளும் தெர்மோஸ்டாட்தான் பயம். ஒரு டிகிரி கூடுதலாக வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டை, கரண்ட் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் போகும்படி அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள். முதலாவது சிக்கினால் இது அணைக்கும்.

(காட்சி: சமையலறைத் தராசில் வெர்மிகுலைட்.)

ஈரத்துக்கு வெர்மிகுலைட், அதாவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள். 100 கிராமுக்கு 80 முதல் 100 கிராம் தண்ணீர். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. முட்டையைப் பாதி புதைத்து, டப்பாவை மூடி, மொத்த எடையை மூடியிலேயே எழுதுங்கள். முட்டை தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும், ஆனால் டப்பாவின் எடை மாறாது. எடை குறைந்தால் வெளியே போன தண்ணீர் அவ்வளவுதான். அதே அளவை, இளஞ்சூடாக, ஓரமாக ஊற்றுங்கள். முட்டை மேல் வேண்டாம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைவிட இந்தத் தராசைத்தான் நான் நம்புவேன்.

வாரம் ஒருமுறை சில விநாடி மூடியைத் திறந்தால் காற்று மாறும். தினமும் எட்டிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள்.

(காட்சி: இருட்டில், சின்ன டார்ச் வெளிச்சத்தில் முட்டை.)

ஒரு வாரம் கழித்து, எடுக்காமலே பக்கத்தில் டார்ச் பிடியுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் உண்டு. வெறும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் கூமுட்டை. ஆனாலும் அவசரப்பட்டு எறியாதீர்கள். சுருங்கி நாறும் வரை காத்திருக்கலாம். லேசாகப் பூஞ்சை பிடித்தால் காய்ந்த பஞ்சால் துடைத்தால் போதும்.

முடியும் தறுவாயில் ஓடு வியர்த்துக் குழிவிழும். ஆரம்பத்தில் குழிந்தால் ஈரம் போதவில்லை. கடைசியில் என்றால் குட்டி வரப்போகிறது. ஓட்டைக் கிழித்துத் தலையை நீட்டிவிட்டு, ஒரு நாள்கூட அப்படியே கிடக்கும். மிச்ச மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கொள்ளும் நேரம் அது. இழுத்து உதவி செய்யாதீர்கள்.

(காட்சி: வெயிலில் காயும் காலிப் பெட்டி.)

சீசன் முடிந்ததும் வெர்மிகுலைட்டைக் கொட்டிவிட்டு, டப்பாவையும் பெட்டியையும் சோப்பால் கழுவி, நீர்த்த பிளீச்சால் துடைத்து, அலசிக் காயவையுங்கள். தெர்மாமீட்டரை உருகும் ஐஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் வித்தியாசத்தை அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முட்டை வருவதற்கு மூன்று நாள் முன்பே பெட்டியைக் காலியாக ஓடவிடுங்கள்.