ரத்தப் பையில் இருக்கும் நம்பர்

காட்சி: ராயபுரம், பழைய ஜெயில் ரோடு. காலை நேரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்கள், டிபன் கேரியருடன் காத்திருக்கும் சொந்தக்காரர்கள்.

குரல்:
வணக்கம். போன வாரம் எங்கள் தெருவில் ரத்ததான முகாம் நடந்தது. அப்போது பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, ஏத்துன ரத்தத்தால நோய் வந்தா லண்டன்ல கவர்மெண்ட்டே பணம் குடுக்குதாமே. இங்க குடுப்பாங்களா?"

அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு வரியில் அடங்காது. அதனால்தான் இந்த வீடியோ.

காட்சி: வரைபடம். ஆயிரக்கணக்கான சின்னக் குப்பிகளிலிருந்து ஒரே பெரிய அண்டாவில் ஊற்றப்படும் பிளாஸ்மா.

குரல்:
முதலில் லண்டன் கதை, அதாவது பிரிட்டன் நாட்டுக் கதை. ஹீமோபீலியா என்றால் ரத்தம் உறையாத குறைபாடு. அது உள்ளவர்களுக்கு ரத்தம் உறையக் கொடுக்கும் ஃபேக்டர் 8 மருந்தை, 1970, 80களில் பல ஆயிரம் பேருடைய பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து தயாரித்தார்கள். அதில் நிறைய அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சிறைக் கைதிகளிடம்கூடக் காசு கொடுத்து எடுத்தார்கள். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் மாதிரி, கொடுத்தவரில் ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் அந்தத் தொகுதி முழுக்கக் கெட்டது. அறுவை சிகிச்சையிலும் பிரசவத்திலும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் மாட்டிக்கொண்டார்கள். 1970 முதல் 1990களின் தொடக்கம் வரை 30,000-க்கும் அதிகமானோருக்கு எச்.ஐ.வி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிகள் தொற்றின. சுமார் 3,000 பேர் இறந்தார்கள்.

அரசு பணம் கொடுத்ததா? கொடுத்தது, பிச்சுப் பிச்சு. 1988-இல் எச்.ஐ.வி வந்தவர்களுக்கு மட்டும் ஓர் அறக்கட்டளை. 1991-இல் ஒரு சமரசத் தொகை. அதை வாங்க, ஹெபடைடிஸுக்காகப் பின்னால் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தனக்கு ஹெபடைடிஸும் இருப்பது தெரியாமலேயே போட்டவர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹெபடைடிஸ் சி-க்குத் தனி நிதி வந்தது 2004-இல்தான்.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் விடவில்லை. நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை அறிக்கை 2024 மே 20 அன்று வந்தது. இது தற்செயலான விபத்து அல்ல, தவிர்த்திருக்கலாம், உண்மையை மறைத்தார்கள் என்று அது சொன்னது. பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டு பட்ஜெட்டில் 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பணத்தைவிட அதைக் கொடுக்கும் முறையை நாம் கவனிக்க வேண்டும். எந்த டாக்டர் தப்பு செய்தார் என்று நோயாளி நிரூபிக்கத் தேவையில்லை. சிகிச்சையால்தான் வந்தது என்று தெரிந்தால் போதும். பழைய ஃபைல் காணாமல் போயிருந்தால், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். கூடவே இருந்து கவனித்துக்கொண்ட மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளும் தனியாகக் கேட்கலாம்.

காட்சி: ரத்தப் பையின் அருகில் கேமரா. லேபிளில் நம்பர், குரூப், தேதி.

குரல்:
சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். 1989 முதல் தானமாக வரும் ரத்தத்தில் எச்.ஐ.வி பரிசோதனை கட்டாயம் ஆனது. ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமானது 2001-இல்தான். காசுக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு.

அதனால் 2001-க்கு முன்னால் பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் ஏற்றியிருந்தால், ஒரு முறை ஹெபடைடிஸ் சி டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அது சத்தமில்லாமல் இருபது, முப்பது வருடம் கல்லீரலை அரிக்கும். இப்போது பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்தும் 2004 முதல் இலவசம். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி பரிசோதனைக்குப் பணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் செய்யலாம்.

ஆனால் அக்கா கேட்டது மருந்தை இல்லை, நஷ்டஈட்டை. மருந்து எல்லா நோயாளிக்கும் உண்டு. நஷ்டஈடு என்பது, "எங்கள் கையால் உனக்குக் கெடுதல் நடந்தது" என்று அரசு ஒத்துக்கொண்டு கொடுப்பது. இங்கிலாந்து மாதிரி விண்ணப்பம் போட்டு வாங்கும் திட்டம் இங்கே இல்லை. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

2018 சாத்தூர் சம்பவம் நினைவிருக்கும். ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி உள்ள ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் நிலைமை முதலில் தெரியாது. தெரிந்ததும் அவரே போய் ரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் நேரம் கடந்திருந்தது. அந்த இளைஞர் இன்று உயிரோடு இல்லை. குழந்தைக்குத் தொற்று வரவில்லை, அதுவரை நிம்மதி. 2019-இல் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

இன்னொருவர் விமானப்படை வீரர். 2002-இல் ராணுவ மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். 2014-இல்தான் எச்.ஐ.வி என்று தெரிந்தது. நுகர்வோர் ஆணையம் அவர் மனுவைத் தள்ளியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சுமார் 1.54 கோடி ரூபாய் வழங்கச் சொன்னது. எச்.ஐ.வி உள்ளவர்களின் வழக்குகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும், பெயரை மறைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நோயும் கோர்ட்டும் ஒரே உடம்பு தாங்கக்கூடிய சுமையா? இங்கேயும் ஒரு தனி நிதி வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காட்சி: வீட்டு பீரோ. பாலிதீன் கவரில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி.

குரல்:
அதுவரை நம் கையில் இருப்பது காகிதம்தான். ரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து வருடம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. நுகர்வோர் வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடக் கெடு. நோயோ அதையெல்லாம் பார்த்து வருவதில்லை. எனவே வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினால், பையில் உள்ள நம்பரைக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால், ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள். போன் நம்பர் 15100.

நேற்று அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். உள்ளே போய் 1997-இல் பெண் பிறந்தபோது கொடுத்த சீட்டைத் தேடி எடுத்து வந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. "ரத்தம் 2 பாட்டில்" என்று மட்டும் இருந்தது. நம்பர் இல்லை. திங்கட்கிழமை டெஸ்ட் எடுக்க அவருடன் நானும் போகிறேன்.