கோடு எங்கே என்று யார் சொல்வது?

நடுவர் அவர்களே, வணக்கம். 'ராணுவப் பயிற்சி மாணவர்களுக்கு உறவுகளையும் மனநலத்தையும் பாடமாக நடத்துவது அவசியமா, அநாவசியமா?' என்பது தலைப்பு. அவசியமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "எல்லையில் நிற்கப் போகிறவனுக்கு எதற்குய்யா காதல் பாடம்?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். ஆனால் அவனுக்கு என்ன வயது என்று சொல்லவே இல்லையே!

கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரும் வயது 16½ முதல் 19½ வரை. பிளஸ் டூ முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளை. அங்கே 3 வருடம்; தரைப்படை என்றால் அப்புறம் டேராடூனில் 1 வருடம். மற்ற பிள்ளைகள் சண்டை போட்டு, சமாதானமாகி, காதலில் தோற்று, அழுது தேறுகிற வயதில், இவன் சீனியர் கொடுக்கிற 'ரக்டா' என்கிற உடற்பயிற்சித் தண்டனையை வாய் திறக்காமல் வாங்கப் பழகுகிறான். வலித்தாலும் சொல்லக்கூடாது என்பது மனசில் பதிந்துவிடுகிறது.

22 வயதில் லெப்டினன்ட். அவன் பொறுப்பில் 30-க்கும் மேற்பட்ட ஜவான்கள். பலரும் அவனைவிட மூத்தவர்கள். ஒருவர் வந்து நிற்கிறார்: "சாப், ஊரில் பங்காளி நிலத்தை வளைத்துவிட்டான், வீட்டுக்காரி போனில் அழுகிறாள், லீவு வேண்டும்." இன்னொருவர் எதுவுமே கேட்பதில்லை. நாலு நாளாகச் சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை. நான் பயப்படுவது இவரை நினைத்துத்தான். தோளில் துப்பாக்கி வேறு! இவரைக் கவனிக்கிற கண் எந்த ரூட் மார்ச்சில் கிடைக்கும்? ஜவான்கள் குறை சொல்லக் கூடுகிற சைனிக் சம்மேளனில் அத்தனை பேர் முன்னால் எழுந்து, 'எனக்கு மனசு சரியில்லை' என்று எந்த ஜவான் சொல்வார்?

கட்டுப்பாட்டுக்குச் சட்டம் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடினான் என்றே ராணுவத்தில் குற்றச்சாட்டு எழுதுவார்கள்! பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு படைகளின் ஒழுங்கு நடவடிக்கையைத் தடுக்காது என்று 2023-இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சரி, கோட்டைத் தாண்டினால் வேலை போகும். கோடு எங்கே என்று 18 வயதில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டாமா?

நம் பரங்கிமலை அகாடமியில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். கடக்வாஸ்லாவில் 2022-இல் நுழைந்தார்கள். 2025 மே மாதம் 17 பெண்கள் ஆண்களோடு சேர்ந்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளவும், ஜூனியரிடம் சீனியர் கெத்தைக் காட்டாமல் இருக்கவும் கற்றுத்தர இதைவிட நல்ல இடம் ஏது?

அமெரிக்கத் தரைப்படை 2009-இல் தொடங்கிய மனஉறுதிப் பயிற்சியைப் பற்றி எதிரணித் தலைவர் பேசுவார். பலன் நிரூபணமாகவில்லை என்று அங்கேயே விமர்சனம் வந்தது உண்மைதான். ஒரு மதியம் யாரையோ அழைத்து ஸ்லைடு போட்டால் கேடட் முதுகு வளையாமல் தூங்கிவிடுவான். (அந்தக் கலையும் அங்கே நன்றாக வரும்.) யூனிட்டில் ஜவான்களோடு வாழ்ந்து வந்த ஒரு மேஜர் வகுப்பெடுக்கட்டும். தேர்வும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். மனநல ஆலோசகரைப் பார்த்த காரணத்துக்காக மட்டும் எந்தக் கேடட்டின் கமிஷனும், அதாவது அதிகாரி நியமனமும், தடைபடாது என்று எழுத்தில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் எவனும் வாய் திறக்கமாட்டான். இதில் எது அநாவசியம் என்று எதிரணித் தலைவர் வந்து சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.