அப்பா வயசு சுபேதார், அவருக்கு ஆர்டர் போடுற 22 வயசு பையன்

மக்களே வணக்கம். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்குற ஒரு விஷயத்த இன்னைக்கு பேசிடலாம்னு உக்காந்திருக்கேன்.

22, 23 வயசுல ஒரு பையன் அகாடமி முடிச்சு, தோள்ல ரெண்டு ஸ்டாரோட லெஃப்டினன்டா யூனிட்டுக்கு போறான், அவன் கைல முப்பது பேர் கிட்ட இருக்குற ஒரு பிளட்டூன குடுக்குறாங்கன்னு வைங்க. அதுல நெறைய பேர் அவன விட மூத்தவங்க. பக்கத்துல நிக்குற சுபேதார், சிப்பாயா சேர்ந்து படிப்படியா மேல வந்தவரு, இவன் பொறக்குறதுக்கு முன்னாடியே யூனிஃபார்ம் போட்டவரா கூட இருப்பாரு. அவரு இவனுக்கு சல்யூட் அடிக்கணும். ஆனா இவனும் அவர வெறும் பேர் சொல்லி கூப்பிட மாட்டான், சாஹப்னு தான் கூப்பிடுவான். நம்ம ஆர்மில எனக்கு ரொம்ப பிடிச்ச வழக்கம் இது, ஏன்னா ஆர்டர் போடுறது இவனா இருந்தாலும் அந்த ஆளுங்கள பத்தி அவருக்கு தான் தெரியும், யாரு பயந்திருக்கான், யாருக்கு வீட்ல பிரச்சனை, யார முன்னாடி அனுப்பலாம்னு. அவர்கிட்ட கேக்க கூச்சப்படுற ஆபீசர் சண்டைல ரொம்ப கஷ்டப்படுவான்னு தான் நான் நெனைக்குறேன்.

இதெல்லாம் பொறுமையா கத்துக்க டைம் இருந்தா பரவால்ல. டாங்க் படைல இருந்த அருண் கேத்தர்பால் 1971 ஜூன்ல தான் ஆபீசரா கமிஷன் ஆனாரு, அந்த வருஷ பாகிஸ்தான் போர்ல, டிசம்பர் 16 பசந்தர் சண்டைல டாங்க் எரியும்போதும் அத விட்டு எறங்க மாட்டேன்னு நின்னு உயிர விட்டப்போ வயசு 21. நடுவுல ஆறு மாசம், அவ்ளோ தான்.

அப்போ அந்த கொஞ்ச நாள்ல என்ன தான் கத்துக்க முடியும்? ரொம்ப சின்ன விஷயங்கள் தான். ஒவ்வொருத்தன் பேரு, ஊரு, வீட்ல யாரு இருக்கா. நீண்ட மார்ச் முடிஞ்சதும் பூட்ஸ கழட்டச் சொல்லி ஒவ்வொருத்தன் கால்லயும் கொப்புளம் இருக்கான்னு குனிஞ்சு பாக்குறது, எல்லாரும் சாப்ட்டாங்களான்னு பாத்துட்டு தான் தட்ட எடுக்குறது. டேராடூன் அகாடமில செட்வுட் ஹால்ல எழுதியே வச்சிருக்காங்க, நாடு மொதல்ல, அடுத்து உன் கீழ இருக்குற ஆளுங்க, உன் சௌகரியம் எப்பவும் கடைசின்னு. இது 1932ல அப்போதைய ராணுவத் தளபதி செட்வுட் சொன்னது.

அப்புறம் மொழி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட போர் முழக்கமே "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" தான், அங்க வர்ற ஆபீசர் வடக்க எங்கேருந்து வந்தாலும் அத தொண்ட கிழிய கத்தி தான் ஆகணும். கூர்க்கா யூனிட்டுக்கு போனா நேபாளி கத்துக்கணும். கட்டாயத்துக்காக கத்துக்குறது ஒண்ணு, அதுவே நம்ம பேச்சா மாறிப்போறது வேற.

மனோஜ் குமார் பாண்டேன்னு ஒரு இளம் ஆபீசர், உத்தரப் பிரதேசத்துக்காரரு, வீட்ல பேசுனது ஹிந்தி. 1/11 கூர்க்கா ரைஃபிள்ஸ்ல இருந்தாரு. கார்கில் போர்ல, 1999 ஜூலை மொத வாரம், கலுபார் மலைல ராத்திரி மேல ஏறுறாங்க. விடியுறதுக்குள்ள மேல இருக்குற எதிரியோட பங்கர்கள, அதாவது பதுங்கு குழிகள, முடிக்கலன்னா வெளிச்சத்துல மொத்த பட்டாலியனும் மேலேருந்து வர்ற குண்டுக்கு மாட்டிக்கும். தோள்ல, கால்ல குண்டு பட்டும் அவரு தான் முன்னாடி போறாரு. நாலாவது பங்கர்கிட்ட நெத்தியில குண்டு பாயுது. அப்போ வயசு 24. கடைசியா அவர் வாய்லேருந்து வந்தது "நா சோட்னு"ன்னு சொல்றாங்க. விடாதீங்கன்னு அர்த்தம். அது ஹிந்தி இல்ல மக்களே, அவரோட பசங்க பேசுற நேபாளி.