எக்ஸ்பைரி மேலயே ஸ்டிக்கர்! ஃபிஷர்மேன்ஸ் ஃப்ரெண்ட், ஸ்ட்ரெஃபென், டெபே பிரஷ் வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க

வணக்கம் மக்களே. இன்னிக்கு இன்ட்ரோ எல்லாம் கிடையாது, நேரா விஷயம். இதோ, கேமரா கிட்ட காட்டறேன். ஃபிஷர்மேன்ஸ் ஃப்ரெண்ட், தொண்டை கரகரப்புக்குச் சப்பற இங்கிலாந்து மாத்திரை, ஒரிஜினல், 25 கிராம் பாக்கெட். நம்ம தெருமுனை மெடிக்கல்லயே வந்துருச்சு. எத்தனை பேரு கேட்டுட்டிருந்தீங்க! சந்தோஷம்தான். ஆனா இந்த வெள்ளை ஸ்டிக்கரைப் பாருங்க. இவ்ளோ பெரிய பாக்கெட்ல வேற இடமே கிடைக்கலையா? கரெக்டா எக்ஸ்பைரி தேதி மேல ஒட்டியிருக்காங்க. அங்க இருந்த எட்டு பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன், எட்டும் இப்படித்தான்.

ஸ்டிக்கர் ஒட்டறது தப்பில்ல, அதைப் புரிஞ்சுக்கோங்க. வெளிநாட்டுச் சரக்குன்னா இறக்குமதி பண்ணவங்க பேரு, விலாசம், எந்த நாட்டுல செஞ்சது, எம்.ஆர்.பி., புகார் சொல்ல நம்பர் எல்லாம் இருந்தே ஆகணும். சாப்பிடற பொருளா வந்திருந்தா 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருக்கணும். மருந்தா வந்திருந்தா இறக்குமதி லைசென்ஸ் நம்பர். இதெல்லாம் இல்லாம மொட்டையா ஒரு பாக்கெட் இருந்தா, யாரோ பெட்டியில போட்டுக் கொண்டு வந்ததுன்னு அர்த்தம், விட்டுடுங்க. ஆனா தயாரிச்சவங்க அச்சடிச்ச தேதியை ஸ்டிக்கர் மறைக்கக் கூடாது. ஸ்டிக்கர்லயே ஒரு தேதி இருக்கேன்னு சமாதானம் ஆகாதீங்க. அது இறக்குமதி ஆன மாசமா கூட இருக்கலாம்.

என்ன பண்ணணும்? கடைக்காரர்கிட்ட அந்த பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியைக் கேளுங்க. அதுல பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கும். அதுவும் இல்லைன்னா, அவரையே ஸ்டிக்கரோட ஓரத்தை உரிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா காசைக் கொடுக்காதீங்க. இந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், உரிச்சுக் காட்டினார், தேதி நல்லாவே இருந்துச்சு! அப்புறம் எதுக்கு மறைக்கணும்? அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, உள்ள இருக்கறதுக்கு வருவோம். இது இங்கிலாந்துல ஃப்ளீட்வுட்னு ஒரு மீன்பிடித் துறைமுகம், அங்க 1865-ல ஜேம்ஸ் லாஃப்ட்ஹவுஸ்னு ஒரு மருந்துக்கடைக்காரர் கடலுக்குப் போற மீனவர்களுக்காகச் செஞ்சது. முதல்ல பாட்டில்ல திரவமாத்தான் இருந்துச்சு. ஆட்டம் போடற படகுல பாட்டில் தாங்குமா? அதான் மாத்திரை ஆச்சு. மென்தால், யூகலிப்டஸ் தைலம், மிளகாய்ச் சாறு, அப்புறம் நம்ம அதிமதுரம். ஆமா, பாடறவங்க கச்சேரிக்கு முன்னாடி வாயில அடக்கிக்கற அதே அதிமதுரம். அதனால பி.பி. இருக்கறவங்க ஒரு நாள் முழுக்க ஒண்ணு மாத்தி ஒண்ணு போடாதீங்க. அதிமதுரம் அளவு மீறினா பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

இன்னொண்ணு, மென்தால் தொண்டைக்குக் குளிர்ச்சி மாதிரி ஒரு உணர்வைக் கொடுக்கும், அவ்ளோதான். வீக்கத்தைக் குறைக்காது, கிருமியைக் கொல்லாது. தொண்டை கட்டினதோட காய்ச்சலும் இருக்கு, முழுங்க முடியலைன்னா டாக்டர்கிட்ட போங்க.

ஒரிஜினல்ல சர்க்கரை இருக்கு. கன்னத்துல அடக்கி வெச்சுட்டு தூங்கினா அந்தப் பல்லுதான் முதல்ல சொத்தை ஆகும். சுகர்ஃப்ரீல சர்க்கரைக்குப் பதிலா சார்பிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கு, நிறைய போட்டா வயித்தால போகும். சென்னை ஈரக்காத்துக்கு, பிரிச்ச பாக்கெட் ரெண்டு நாள்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இறுக்கமா மூடி இருக்கற சின்ன கண்ணாடி பாட்டில்ல மாத்திடுங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளிய எடுத்ததும் வேர்த்துரும்.

லண்டன்ல இருந்து சொந்தக்காரங்க ஸ்ட்ரெஃபென்னு தொண்டை வலிக்குச் சப்பற மாத்திரை கொண்டு வந்தா, தயவுசெஞ்சு கவனிங்க. தேன்-எலுமிச்சை ருசி, பார்த்தா மிட்டாய் மாதிரியே இருக்கும். ஆனா உள்ள ஃப்ளர்பிப்ரோஃபென் 8.75 மில்லிகிராம், அதாவது ஐபுப்ரோஃபென் குடும்பத்து வலி மருந்து. 3 முதல் 6 மணி நேரத்துக்கு ஒண்ணு, ஒரு நாளைக்கு 5-க்கு மேல கூடாது, 3 நாளோட நிறுத்தணும். வாயில ஒரே இடத்துல வைக்காம அங்கயும் இங்கயும் நகர்த்திட்டே சப்பணும், இல்லைன்னா அந்த இடம் எரியும். அல்சர் இருக்கறவங்க, ஆஸ்பிரின் போட்டா மூச்சு இழுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டரைக் கேட்காம தொடாதீங்க. நம்ம கடையில கிடைக்கற சாதா ஸ்ட்ரெப்சில்ஸ் வேற. அதுல இருக்கறது கிருமிநாசினி, டைக்குளோரோபென்சைல் ஆல்கஹால் 1.2, அமைல்மெட்டாக்ரெசால் 0.6 மில்லிகிராம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெபே! ஸ்வீடன் பல்லிடுக்கு பிரஷ். இதுவும் வந்திருக்கு! ஆனா சிவப்பு மட்டும்தான் வெச்சிருக்காங்க. ஒவ்வொரு கலரும் ஒரு சைஸ், எல்லாருக்கும் சிவப்பு எப்படிங்க பொருந்தும்? நடுக் கம்பியோட தடிமன் பிங்க்ல 0.4 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6, மஞ்சள் 0.7, பச்சை 0.8. முன் பல்லுக்கு ஒண்ணு, கடவாய்ப் பல்லுக்கு ஒண்ணுன்னு பெரும்பாலும் ரெண்டு சைஸாவது தேவைப்படும். அதனால முதல் தடவை எல்லா கலரும் கலந்த பாக்கெட்டைக் கடைக்காரர்கிட்ட வரவழைக்கச் சொல்லுங்க. மயிர் ரெண்டு பக்கமும் பல்லைத் தொடணும், நடுவுல இருக்கற கம்பி உரசக் கூடாது. கம்பி வளையுதுன்னா சைஸ் பெருசு, திணிக்காதீங்க. பேஸ்ட் போடாம, நேரா உள்ள விட்டு முழு நீளத்துக்கு நாலஞ்சு தடவை முன்னும் பின்னும். ராத்திரி ஒரு தடவை போதும். முதல் சில நாள் ரத்தம் வரும், பயந்து நிறுத்திடாதீங்க, ஈறு வீங்கியிருக்கறதுதான் காரணம். ரெண்டு வாரம் ஆகியும் நிக்கலைன்னா பல் டாக்டர்.

ஆங், கலரை நம்பி கம்பெனி மாத்தாதீங்க! க்யூராப்ராக்ஸ்னு இன்னொரு பல்லிடுக்கு பிரஷ் கம்பெனி, அதுல சிவப்புன்னா வேற சைஸ். டெபே சிவப்பு நினைப்புல அதை வாங்கிட்டு ஏமாறாதீங்க.

பேஸ்ட் சுருக்கமா. ஐரோப்பா பேஸ்ட்ல பெரியவங்களுக்கு வழக்கமா 1450 பி.பி.எம். (அதாவது பத்து லட்சத்துல 1450 பங்கு) ஃப்ளோரைடு, நம்ம நாட்டுல உச்சவரம்பு 1000. அந்த ட்யூபைக் குழந்தைக்கும் போடறீங்கன்னா மூணு வயசு வரைக்கும் அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, கூட நின்னு துப்ப வைங்க. பெரியவங்க துப்பிட்டு விட்டுடுங்க, தண்ணி ஊத்திக் கொப்புளிச்சா ஃப்ளோரைடும் கூடவே போயிடும்.

ஐயோ, ஸ்டிக்கர் விஷயத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. அமெரிக்கச் சரக்குல மாசம்தான் முதல்ல வரும். 05/04-ன்னா ஏப்ரல் 5 இல்ல, மே 4. இங்கிலாந்து, ஐரோப்பா சரக்கு நம்ம வரிசைதான். மத்த கலர் டெபே எப்ப வருதுன்னு கடையில சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் காட்டறேன்.