பாதி நீ போடு, மீதியை நான் போடுகிறேன்

நேயர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு இலையுதிர் காலத்தில் சொத்து வரி பில் வரும். மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். நடுவில் பொடி எழுத்தில் உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் பெயரும் பக்கத்தில் ஒரு சிறு சதவிகிதமும் இருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடங்களுக்காக மாவட்டம் வாங்கிய கடன் அது. அடைப்பவர் நீங்கள்.

1978இல் வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய முன்மொழிவான புரொபசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் 1 சதவிகிதத்தோடு நிறுத்தியது. வீடு கைமாறும் வரை அந்த மதிப்பையும் ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. அதன்பின் ஆசிரியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளில் பெரும்பங்கு சாக்ரமென்டோவில் உள்ள மாநில அரசின் பொறுப்பாகிவிட்டது. கட்டடம் மட்டும் அப்படி ஆகவில்லை. கூரை ஒழுகினாலும் மாவட்டம் கடன்பத்திரம் வெளியிட, அதை அடைக்க அந்த 1 சதவிகிதத்துக்கு மேல் வரி வாங்க, வாக்காளர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 2000 நவம்பரில் வந்த புரொபசிஷன் 39 அதை 55 சதவிகிதமாகக் குறைத்தது.

மாநிலமும் பங்கு போடுகிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புதுக் கட்டடம் என்றால் மாநிலம் பாதி, மாவட்டம் பாதி. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க மாநிலம் 60, மாவட்டம் 40. மாநிலத்தின் பங்கும் பெரும்பாலும் கடன்தான். 2016இல் 900 கோடி டாலருக்கு மக்கள் சம்மதித்தார்கள். 2020 மார்ச்சில் 1,500 கோடி கேட்டபோது கைவிரித்துவிட்டார்கள். அந்த முன்மொழிவுக்கும் வாக்குச்சீட்டில் 13 என்ற எண்ணே விழுந்தது. பழைய 13ஐ யாரோ தொடப்போகிறார்கள் என்று சிலர் பயந்திருக்கலாம். 2024 நவம்பரில் புரொபசிஷன் 2 மூலம் 1,000 கோடிக்கு மறுபடி சம்மதம் கிடைத்தது. இதை அடைக்க ஆண்டுக்குச் சுமார் 50 கோடி வீதம் 35 ஆண்டுகள் ஆகும் என்பது சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம் போட்ட கணக்கு.

என் குறை இந்தப் பங்கீட்டின் மேல்தான். ஊர்க் கோயில் திருப்பணிக்குப் பெரிய மனிதர் ஒருவர், "நீங்கள் எவ்வளவு திரட்டுகிறீர்களோ அவ்வளவு நானும் தருகிறேன்" என்று எல்லாத் தெருக்காரர்களிடமும் சொன்னால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பணக்காரத் தெரு ஒரு வாரத்தில் திரட்டிவிடும். கூலிக்காரர் தெருவுக்கு அவர் பணம் போகவே போகாது.

ஒரு மாவட்டம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நடத்தும் மாவட்டத்துக்கு அது அங்குள்ள மொத்தச் சொத்து மதிப்பில் 2.5 சதவிகிதம். மதிப்பு 100 கோடி டாலர் என்றால் கடன் இரண்டரைக் கோடிக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பணத்தில் இன்றைக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி எழுப்ப முடியாது. வானுயர்ந்த அலுவலகங்களும் கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளும் உள்ள ஊருக்கு இந்த வரம்பு உறைக்காது. போதாக்குறைக்கு, பல ஆண்டுகளாக மாநிலப் பணம் விண்ணப்பித்த வரிசையில்தான் தரப்பட்டது. ஆளும் ஆலோசகரும் வைத்திருந்த மாவட்டங்கள் முன்னால் நின்றன. வசதியே இல்லாத மாவட்டத்துக்கு முழுச் செலவையும் மாநிலம் ஏற்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் வேறு வழியில்லை என்று ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும்.

செலவைக் குறைக்கவும் முடியாது. 1933 லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் ஏராளமாக இடிந்தன. மாலை வேளை என்பதால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. அதே ஆண்டு வந்த ஃபீல்டு சட்டப்படி பள்ளிக் கட்டட வரைபடத்துக்கு மாநிலம்தான் ஒப்புதல் தர வேண்டும். அது நல்ல சட்டம், குறையவே கூடாது. விதி மாநிலத்துடையது என்றால் செலவிலும் அது இன்னும் தாராளமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நெருக்கடி வந்தால் மாவட்டங்கள் என்ன செய்யும் என்பதற்கு சான் டியேகோ பக்கத்துப் பொவே பள்ளி மாவட்டம் ஒரு பாடம். வரி விகிதம் ஏறாது என்று வாக்காளர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. வேலையோ பாதியில் நிற்கிறது. 2011இல் சுமார் பத்தரைக் கோடி டாலர் வாங்கினார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு காசும் கட்ட வேண்டாம், வட்டி மேல் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். திருப்பித் தர வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி. வாங்கிய முதலைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்! கட்டப்போவது அன்று அந்த ஊர்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள். ஊர் சிரித்த பிறகு 2013இல் சட்டம் வந்தது: இத்தகைய பத்திரத்துக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் தவணை கூடாது, திருப்பிச் செலுத்தும் மொத்தம் வாங்கிய தொகையைப் போல நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது. நான்கு மடங்கே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

புரொபசிஷன் 2 ஏழை மாவட்டங்களுக்கு மாநிலத்தின் பங்கைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு 50 முதல் 55 வரை, புதுப்பிப்புக்கு 60 முதல் 65 வரை. ஐந்து சதவிகிதப் புள்ளி! மீதி 45க்குக் கடன் வாங்க வழியில்லாத மாவட்டத்துக்கு இதனால் என்ன ஆகிவிடும்?

அடுத்த முறை உங்கள் மாவட்டம் கடன்பத்திரத்துக்கு வாக்குக் கேட்கும்போது, வாங்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். வாக்காளர் கையேட்டில் வட்டியோடு திருப்பித் தர வேண்டிய மொத்த மதிப்பீடும் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். 55 சதவிகித வாக்கில் நிறைவேறிய ஒவ்வொரு கடனுக்கும் குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் மேற்பார்வைக் குழு இருந்தாக வேண்டும். பெற்றோருக்கும் முதியோர் அமைப்பினருக்கும் அதில் இடம் உண்டு. மாவட்ட ஊழியர்களும் ஒப்பந்ததாரர்களும் சேர முடியாது. சம்பளம் கிடையாது. நேரம் இருந்தால் விண்ணப்பியுங்கள்.

நன்றி, வணக்கம்.