காலை வட்டம்: முதல் இருபது நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கான பேச்சு இது. குறிப்பாக, மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிப்பவர்களுக்கு.

பிரேயர் முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்ததும் வருகைப்பதிவேடு திறக்கிறது. பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’. பேச்சுக் குறைந்த பிள்ளையின் பெயர் அன்று முழுக்க ஒலிப்பது அந்த ஒரு முறைதான், அதுவும் ஆசிரியர் வாயால். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாரும் தினமும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் காலை வட்டம் அதற்குத்தான்.

வணக்கம், பகிர்வு, விளையாட்டு, கரும்பலகைச் செய்தி என்று அதில் நான்கு பகுதிகள். அமெரிக்காவில் 1981-ல் ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய அமைப்பு ‘ரெஸ்பான்சிவ் கிளாஸ்ரூம்’ என்ற பெயரில் வளர்த்தெடுத்த முறை இது. நம் பள்ளிகளுக்கு 20 நிமிடம் போதும். வருகைப்பதிவையும் இதிலேயே முடித்துவிடலாம் என்பதால் பாடத்துக்கான நேரம் பெரிதாகக் குறையாது.

முதலில் வட்டத்தைத் தரையில் வரையுங்கள். ஆறடிக் கயிறு ஒன்றின் நுனியில் சாக்பீஸைக் கட்டி, மறுநுனியை ஒரு பிள்ளை நடுவில் பிடித்துக்கொள்ள, சுற்றி வந்தால் 25 பேருக்கு ஆளுக்கு ஒன்றரை அடி கிடைக்கும். 35 பேர் என்றால் எட்டடிக் கயிறு. அறை போதாவிட்டால் வராண்டா. இரண்டு வரிசை மட்டும் வேண்டாம், பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும். ஆசிரியரும் தரையில்தான் உட்கார வேண்டும். நாற்காலி போட்டால் எல்லாரும் உங்களைப் பார்த்தே பேசுவார்கள்.

யார் பக்கத்தில் யார் என்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். விட்டால் ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரே தெருக்காரர்கள் ஒரு மூலை என்று பிரிந்துவிடும். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, தினமும் குலுக்கி எடுத்த வரிசையில் உட்கார வையுங்கள்.

வணக்கம் மிக எளிது, கெடுவதும் அதுதான் முதலில். ‘வணக்கம் செல்வி’, ‘வணக்கம் முருகன்’ என்று பெயர் வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல வேண்டும், வீட்டில் வைத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். பட்டப்பெயர் நுழைந்தால் சிரிக்காமல், திட்டாமல், ‘மறுபடி சொல்லு’ என்று மட்டும் சொல்லுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளை இருந்தால், அவள் மொழி வணக்கத்தை வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் சொல்லட்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் சலிப்பு தட்டும். அப்போது மெல்லிய குரலில், கை தட்டி, பந்தை உருட்டி என்று முறையை மாற்றிப் பாருங்கள். சுற்று முடிந்ததும் ‘இன்று யாரைக் காணோம்?’ என்று கேளுங்கள். பிள்ளைகளே பெயர் சொல்வார்கள், நீங்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

பகிர்வுக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர் போதும். எல்லாரையும் பேசவிட்டால் பத்தாவது பிள்ளை பேசும்போது முதல் பிள்ளை கிள்ளத் தொடங்கிவிடுவான். ‘ஏதாவது சொல்லு’ என்றால் பிள்ளை திகைத்து நிற்கும். ‘நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய்?’ என்று கேளுங்கள். ‘என்ன வாங்கினாய்?’ என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம், புதுச் சட்டை இல்லாத பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். ‘எங்கள் ஆடு குட்டி போட்டது’ என்று ஒருவன் சொன்னால், கேட்டவர்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். ‘எனக்கும் ஆடு இருக்கு’ என்பது கேள்வி அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட இரண்டு மூன்று வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி, குடி என்று ஏதாவது வெளிவந்தால் வட்டத்தில் கிளறாமல், ‘சொன்னது நல்லது, அப்புறம் நாம் பேசலாம்’ என்று நிறுத்தித் தனியாகக் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், ஆபத்து தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

விளையாட்டுக்கு ஐந்து நிமிடம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய், ஐந்தின் மடங்கு வந்தால் எண்ணுக்குப் பதில் கைதட்டல். தவறினால் வெளியேற்றும் ஆட்டம் வேண்டாம். வெளியேறுவது தினமும் அதே மூன்று பேர்தான்.

கரும்பலகைச் செய்தியை முந்தின நாள் மாலையே எழுதிவையுங்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் மணி அடிக்கும் முன்பே பல பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், சாப்பிட்டு வந்ததும் படிப்பார்கள். மூன்று வரி போதும்: ‘அன்புள்ள பிள்ளைகளே, இன்று புதன்கிழமை. இன்று நாம் இ_ை சேகரிக்கப் போகிறோம்.’ விட்டுப்போன எழுத்தை மூன்றாம் வகுப்பு நிரப்பட்டும், இரண்டாம் வகுப்பு வாசிக்கட்டும், ஒன்றாம் வகுப்பு ‘இ’ எங்கெல்லாம் வருகிறது என்று தொட்டுக் காட்டட்டும். எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில், கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் பிள்ளைகளுக்கும் இதே செய்தி உதவும். ‘சத்தம் போடக் கூடாது’ என்ற வகை உத்தரவுகளை அங்கே எழுதாதீர்கள். நாலு நாள் எழுதினால் ஐந்தாம் நாள் யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்றாகச் சேருங்கள். குறும்பு செய்தார்கள் என்று வட்டத்தை ரத்து செய்யாதீர்கள், குறும்பன் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். பரீட்சை, மழை என்று பத்தே நிமிடம் கிடைக்கும் நாளில் பகிர்வையும் விளையாட்டையும் விட்டுவிடலாம். வணக்கத்தை மட்டும் விடாதீர்கள். நன்றி.